சிவப்பு, நீலம், பயம்!

இத்தாலியத் திகில் படங்கள் உலகத்தையே மிரட்டியது எப்படி? அவற்றுக்கும் நம்மூர்ப் படுகளத்துக்கும் என்ன உறவு?

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், செய்யாற்றை ஒட்டி இருக்கும் ஊர் பெருநகர். உத்திரமேரூர் வட்டம். இந்த வட்டாரத்தில் கோடை பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவு முழுக்கத் தெருக்கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி.

படுகளத்தன்று திறந்தவெளியில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். களிமண்ணால் செய்த பிரம்மாண்ட உருவம். உருட்டிய கண், முறுக்கிய மீசை, உடம்பெங்கும் வண்ணப்பூச்சு. இரவெல்லாம் பதினெட்டாம் போர் ஆடிய களைப்போடு பீம வேஷக்காரரும் துரியோதன வேஷக்காரரும் அந்த மண்ணுடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கடைசியில் பீமனின் கதாயுதம் தொடையில் இறங்கும். உள்ளே மறைத்து வைத்த செந்நீர் வெளியே வரும். அதைத் தொட்டுத் திரௌபதி தன் கூந்தலை முடிப்பாள். ‘கோவிந்தா’ என்று கூட்டம் முழங்கும்.

அது மண் என்று அங்கே நிற்கிற எல்லாருக்கும் தெரியும். செந்நீரைக் காலையில் கரைத்து வைத்தது யார் என்பதுகூடத் தெரியும். ஆனாலும் அந்த நொடியில் உடம்பு சிலிர்க்கிறது. பொய் என்று தெரிந்தே நடுங்குவதும், நடுங்கி முடித்ததும் மனசு லேசாவதும் இந்த மண்ணுக்குப் பழகிய அனுபவம். சினிமாவில் இதை முழுசாகக் கொண்டுவந்தவர்கள் யார் என்று கேட்டால், இத்தாலிக்காரர்கள் என்றுதான் சொல்வேன். அவர்கள் எடுத்த ஒரு படம் சத்தமில்லாமல் தமிழுக்கு வந்து, நம் தியேட்டர்களில் வெள்ளிவிழாக் கால நட்சத்திரங்களோடு ஓடிய கதையும் உண்டு.

காசில்லாத இடத்தில் பிறந்த கலை

இத்தாலியில் பேசும்படக் காலத்தின் முதல் திகில் படமாகச் சொல்லப்படுவது 1957-ல் வந்த ‘இ வம்பீரி’. இயக்குநர் ரிக்கார்தோ ஃப்ரேதா பாதியில் கிளம்பிப் போய்விட, ஒளிப்பதிவாளராக இருந்த மாரியோ பாவா மீதிப் படத்தை எடுத்து முடித்தார். அவருடைய அப்பா யூஜெனியோ பாவாவும் ஒளிப்பதிவாளர், தந்திரக்காட்சிகளில் கைதேர்ந்தவர். மகனுக்கும் அந்தக் கைப்பக்குவம் அப்படியே வந்தது.

அந்தப் படத்தில் ஓர் அழகி கண்ணெதிரே கிழவியாகிறாள். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஒரே ஷாட். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? நடிகையின் முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பு நிறத்தில் வரைந்தார்கள். சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் அந்தக் கோடுகள் தோலோடு தோலாகக் கலந்திருக்கும். வெளிச்சத்தின் நிறத்தை மெல்ல மாற்றினால் ஒவ்வொரு கோடாகக் கறுத்து மேலே எழும். செலவு ஒரு வண்ணக் கண்ணாடிதான். பார்க்கிறவருக்கோ ஒரு பெண்ணின் இளமை முழுவதும் சில நொடிகளில் வடிந்துபோகிறது.

1960-ல் பாவா தன் பெயரில் இயக்கிய ‘லா மாஸ்கெரா தெல் தெமோனியோ’ வந்தது. உட்புறம் ஆணிகள் பதித்த உலோக முகமூடியைச் சூனியக்காரி ஒருத்தியின் முகத்தில் வைத்துச் சம்மட்டியால் அடிக்கும் முதல் காட்சியிலேயே இத்தாலியத் திகில் தன் வருகையை அறிவித்துவிட்டது. அதில் நடித்த பார்பரா ஸ்டீலின் பெரிய விழிகள் அதன் அடையாளமாகின.

1964-ல் ‘கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் அவரது வண்ணப் படம் வந்தது. ரோம் நகரத்து ஃபேஷன் நிறுவனம் ஒன்றில் மாடல் அழகிகள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். கொலையாளிக்கு முகமே இல்லை. வெள்ளைத் துணி சுற்றிய தலை, தொப்பி, நீளக் கோட்டு, கறுப்புக் கையுறை. அறையின் ஒரு மூலை ஊதா, இன்னொரு மூலை பச்சை, நடுவே சிவப்பு. அந்த வெளிச்சம் எந்த விளக்கிலிருந்து வருகிறது என்று படம் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. காமிராவை நகர்த்த டிராலி வாங்கக் காசில்லாமல், குழந்தைகள் இழுத்து விளையாடும் பொம்மை வண்டியில் வைத்து இழுத்ததாக அதில் நடித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு பாவா ஒரு விண்வெளிப் படம் எடுத்தார். வேற்றுக் கிரகத்துக்கு அவரிடம் இருந்தவை புகையும் கண்ணாடிகளும் வண்ண விளக்குகளும் ஒன்றிரண்டு செயற்கைப் பாறைகளும்தான். 1979-ல் ஹாலிவுட் பெரும் செலவில் எடுத்த ‘ஏலியன்’ படத்தில் அதன் சாயல் இருப்பதை விமர்சகர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு மரப்பெஞ்சு இங்கே அரியணையாகும், தேராகும், மலையாகும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பின்னாலிருந்து, மரக் கிரீடம் தரித்த கட்டை வேஷக்காரரின் குரல் வரும், சலங்கை அதிரும், கிரீடத்தின் நுனி தெரியும், திரை கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். துரியோதனனோ இரணியனோ முழு உருவம் காட்டுவதற்குள் பார்ப்பவருக்குப் பாதி உயிர் போய்விடும். கொலைகாரனின் கையை மட்டும் காட்டி, நிழலை மட்டும் காட்டி, முகத்தைக் கடைசிவரை ஒளித்துவைக்கிற பாவாவின் வித்தையும் இந்தத் திரைப்பிரவேசமும் ஒரே தர்க்கத்தில் இயங்குகின்றன. மறைப்பதால்தான் பயம் வளர்கிறது.

கதவு திறந்தால் பாட்டு, மூடினால் மௌனம்

இத்தாலியில் மொந்ததோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையில் மர்ம நாவல்கள் வெளியிட்டது. நம்மூரில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய மாத நாவல்களைப் போல அவை மலிவாகக் கிடைத்தன, நன்றாக விற்றன. மஞ்சள் என்பதற்கான இத்தாலியச் சொல்லான ‘ஜியல்லோ’ அந்தக் கதைகளுக்கே பெயராகி, பிறகு அந்த ரகப் படங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த ரகத்தை உலகமெங்கும் கொண்டுபோனவர் தாரியோ ஆர்ஜெந்தோ. 1940-ல் ரோமில் பிறந்தவர். பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதியவர். செர்ஜியோ லியோனேயின் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்துக்குக் கதை அமைத்தவர்களில் ஒருவர். 1970-ல் முதல் படத்தை இயக்கியபோது இசைக்கு என்னியோ மோரிக்கோனேயும் ஒளிப்பதிவுக்கு விட்டோரியோ ஸ்தொராரோவும் கிடைத்தார்கள். அவர் படங்களில் கறுப்புக் கையுறை அணிந்த கொலைகாரனின் கை அண்மைக்காட்சியில் வரும்போதெல்லாம், பெரும்பாலும் அது ஆர்ஜெந்தோவின் கைதான்.

1977-ல் வந்த ‘சஸ்பீரியா’தான் அவருடைய சிகரம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து நடனப் பள்ளியில் சேர ஓர் அமெரிக்கப் பெண் வருகிறாள். அந்தப் பள்ளி சூனியக்காரிகளின் கூடாரம். கதை இவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கும் விதத்தில்தான் சூனியம் இருக்கிறது.

முதல் சில நிமிடங்களைக் கவனியுங்கள். இரவு, விமான நிலையம். நாயகி வெளியே நடந்து வருகிறாள். எதிரே தானியங்கிக் கண்ணாடிக் கதவு. அது திறக்கும்போது ‘காப்ளின்’ குழுவின் இசை உள்ளே நுழைகிறது. மூடினால் நின்றுவிடுகிறது. மறுபடி திறக்கிறது, மறுபடி இசை. வெளியே கொட்டும் மழையிலும் இருட்டிலும் ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்பதை ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் ஒரு கதவே சொல்லிவிடுகிறது. அவள் டாக்ஸியில் ஏறிய பிறகு முகத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வழிகின்றன. கிரேக்க நரம்பு வாத்தியமும் நம் தபேலாவும் சிந்தசைசரும் கிசுகிசுக்கும் குரலும் கலந்த அந்த இசையைப் படப்பிடிப்பிலேயே சத்தமாக ஒலிக்கவிட்டு நடிகர்களை நடுங்கவைத்தார் ஆர்ஜெந்தோ.

ஒளிப்பதிவாளர் லூச்சியானோ தொவோலி வண்ண வெல்வெட் துணியையும் மெல்லிய காகிதத்தையும் விளக்குகளுக்கு முன்னால் கட்டி, அவற்றை நடிகர்களின் முகத்துக்கு மிக அருகே கொண்டுபோனார். ஆர்ஜெந்தோ அவருக்கு முன்மாதிரியாகக் காட்டியது டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ கார்ட்டூன் படம். பிரதிகளை அப்போது வழக்கொழிந்து வந்த பழைய டெக்னிகலர் முறையில் போட்டார்கள். அதனால்தான் அந்தச் சிவப்பு கண்ணைக் குத்துகிறது. நாயகிகள் சிறுமிகளாக இருக்க வேண்டும் என்பது ஆர்ஜெந்தோவின் முதல் எண்ணம். அது கைகூடாதபோது கதவுகளின் கைப்பிடிகளை உயரத்தில் பொருத்தச் சொன்னார். வளர்ந்த பெண்கள் கையை மேலே தூக்கிக் கதவைத் திறக்கும்போது குழந்தைகளாகத் தெரிகிறார்கள். காரணம் நமக்குப் பிடிபடுவதில்லை. உள்ளே ஏதோ கலங்குகிறது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வந்த ‘புரோஃபோந்தோ ரோஸ்ஸோ’வில் அவர் செய்தது இன்னும் துணிச்சலானது. கொலையாளியின் முகம் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே திரையில் வந்துவிடுகிறது. நாயகன் பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம், ஒருவருக்கும் உறைப்பதில்லை. கண்ணால் கண்டதும் பொய் என்ற நம்மூர்ப் பழமொழிக்கு அதைவிடப் பெரிய திரைச்சான்று கிடையாது.

கதை எங்கே?

இந்தப் படங்களைக் குறை சொல்பவர்கள் கேட்கும் கேள்வி இது. பாத்திரங்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன? ஓடித் தப்பாமல் இருட்டறைக்குள் ஏன் போகிறாள்? உதட்டசைவுக்கும் பேச்சுக்கும் ஏன் பொருத்தமில்லை?

கடைசிக் கேள்விக்குப் பதில் எளிது. இத்தாலியில் அக்காலப் படங்கள் பெரும்பாலும் ஒலியில்லாமல் எடுக்கப்பட்டு, பின்னால் டப்பிங் செய்யப்பட்டன. பல நாட்டு நடிகர்கள் ஒரே காட்சியில் அவரவர் மொழியில் பேசுவார்கள். பல மொழி நடிகைகளுக்குப் பின்னணிக் குரல் கொடுத்தே வளர்ந்த தமிழ்ச் சினிமாவின் ரசிகருக்கு இது குறையாகத் தெரியாது.

மற்ற கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. இந்தப் படங்கள் கனவின் ஒழுங்கில் நகர்பவை. கனவில் ஓட முடியாது, கத்த முடியாது, வேண்டாத அறைக்குள்தான் கால் போகும். 1979-ல் லூச்சியோ ஃபுல்சி எடுத்த ‘சோம்பி 2’ படத்தில் நடைப்பிணம் ஒன்று கடலுக்கடியில் சுறாவோடு சண்டை போடுகிறது. ஏன் என்று கேட்டால் படம் செத்துப்போகும். நம் மரபுக்கு இது புதிதா? கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைத்துப் பந்தி வைத்துப் பரிமாறுகின்றன. பேயுருவை வரமாக வாங்கிய காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். அச்சத்தையும் அருவருப்பையும் அழகோடு சேர்த்தே வைத்தது தமிழ்க் கவிதை. பயத்துக்குக் காரணகாரியம் கேட்கும் பழக்கம் நமக்குப் பின்னால் வந்தது.

நூறாவது நாள்

அதே ஃபுல்சி 1977-ல் எடுத்த ‘செத்தே நோத்தே இன் நேரோ’, ஆங்கிலத்தில் ‘தி சைக்கிக்’, தமிழ் ரசிகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய படம். இத்தாலியிலேயே அதற்குப் பெரிய வரவேற்பு இருக்கவில்லை.

நாயகி வர்ஜீனியாவுக்குக் கண்ணெதிரே நடக்காததைக் காணும் சக்தி இருக்கிறது. சிறுமியாக இருந்தபோது, எங்கோ தொலைவில் தாய் மலைமுகட்டிலிருந்து குதித்துச் சாவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. வளர்ந்து மணமான பிறகு, கணவனை வழியனுப்பிவிட்டுத் தனியாகக் கார் ஓட்டிச் செல்கிறாள். சுரங்கப்பாதைகள் வழியே வண்டி இருளிலும் வெளிச்சத்திலும் மாறி மாறிப் போகும்போது காட்சிகள் சிதறலாக வருகின்றன. சிவப்பு விளக்கு, உடைந்த கண்ணாடி, ஒரு பத்திரிகை அட்டை, நொண்டி நடக்கும் ஒருவன், எழும்புகிற ஒரு செங்கல் சுவர். கணவனின் பழைய மாளிகைக்குப் போய்ச் சுவரை இடிக்கிறாள். உள்ளே எலும்புக்கூடு. நடந்து முடிந்த கொலையைக் கண்டதாகத்தான் அவள் நினைக்கிறாள். ஆனால் கண்ட பொருள்கள் ஒவ்வொன்றாக அதற்குப் பிறகுதான் அவள் வாழ்க்கைக்குள் வந்து சேர்கின்றன. அவள் கண்டது இனி நடக்கப்போவது. அவள் அணிந்த கைக்கடிகாரத்தின் ஏழு சுரம் மட்டும் கடைசிவரை ஒலிக்கிறது. குவென்டின் டரான்டினோ 2003-ல் ‘கில் பில்’ முதல் பாகத்தில் அந்த இசையை எடுத்துப் பயன்படுத்தினார்.

இந்தக் கதை 1984-ல் மணிவண்ணன் இயக்கத்தில் ‘நூறாவது நாள்’ ஆனது. மோகன், நளினி, விஜயகாந்த், சத்யராஜ் நடித்தார்கள். இசை இளையராஜா. பெரும் வெற்றி. பாரதிராஜா பள்ளியிலிருந்து வந்து ‘கோபுரங்கள் சாய்வதில்லை’ போன்ற குடும்பப் படங்களில் பேர் வாங்கிய மணிவண்ணனுக்கு இது முழுக்கப் புதிய தடம். அதே ஆண்டு ‘24 மணி நேரம்’ எடுத்து அந்தத் தடத்தில் இன்னும் ஒரு அடி வைத்தார். ‘நூறாவது நாள்’ 1991-ல் மாதுரி தீட்சித் நடிப்பில் இந்தியில் ‘100 டேஸ்’ ஆகவும் வந்தது. இத்தாலிய மாளிகையில் எழுந்த சுவர் கோடம்பாக்கம் வழியாகப் பம்பாய் போய்ச் சேர்ந்தது.

மணிவண்ணன் அப்படியே நகலெடுத்துவிட்டுப் போகவில்லை. மொட்டைத்தலை, வட்டக் கண்ணாடி, சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு அதிகம் பேசாமல் வந்து நிற்கிற சத்யராஜை அவர் சேர்த்தார். இத்தாலியப் படத்தில் இப்படி ஓர் உருவம் இல்லை. இன்றைக்கும் ‘நூறாவது நாள்’ என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த உருவம்தான். மனோதத்துவம், பின்னணிக் கதை எதுவும் வேண்டாம். வேஷத்தைப் பார்த்ததும் கூட்டம் அமைதியாகிவிடும். கட்டை வேஷம் கண்டு வளர்ந்த ஜனங்களுக்கு எது பயம் தரும் என்பது மணிவண்ணனுக்குத் தெரிந்திருந்தது. ஃபுல்சியின் கதைக்கு அவர் கட்டிய தமிழ் வேஷம் அது.

ஆனால் மூலப்படத்துக்கு உரிய மரியாதை தரப்படவில்லை. ஃபுல்சியின் பெயர் நம் ரசிகருக்குப் போய்ச் சேரவேயில்லை. கதையை எடுத்து நம்முடையதாக்கியதில் திறமை இருக்கிறது. யாருடையது என்று சொல்லாமல் விட்டதில் நியாயம் இல்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது விளக்கம்தானே தவிர சமாதானம் ஆகாது.

தமிழில் இந்த ரகத்துக்கு அதற்கு முன்பே நிலம் தயாராக இருந்தது. 1967-ல் ஏ.சி. திருலோகசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த ‘அதே கண்கள்’ முகத்தை மறைத்த கொலைகாரனையும் பளீர் வண்ணங்களையும் காட்டியது. தலைப்பிலேயே கண் இருக்கிறது. 1978-ல் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’, 1980-ல் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’. இரண்டிலும் கொலைகாரன்தான் நாயகன், இரண்டுக்கும் இளையராஜா இசை. இத்தாலிக்கு மோரிக்கோனேயும் காப்ளினும் கிடைத்தார்கள். நமக்கு இளையராஜா கிடைத்தார். நம் திகில் படங்களில் பாதி பயம் அவருடைய வயலின்களில் இருக்கிறது.

கொல்லப்படும் பெண், நீதி கேட்கும் பெண்

இத்தாலியத் திகிலைப் புகழும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தப் படங்களில் கொல்லப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களின் சாவை அழகாக விளக்குப் போட்டு, நெருக்கமாகக் காட்டுகிறார்கள். ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்துக்கும் இந்தக் குறை பொருந்தும். ரசிப்பவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகக் கூடாது.

இந்த இடத்தில் நம் மண்ணின் கதைகள் ஒரு படி மேலே நிற்கின்றன. காஞ்சிக்கு வடக்கே, திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர். கணவனால் கொல்லப்பட்ட நீலி என்ற பெண் பேயாகி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபிறவி எடுத்து வந்த அவனைத் தேடி அந்த ஊருக்கு வருகிறாள். ஊர்ச் சபையில் நின்று அழுது வழக்காடுகிறாள். அவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து அவளோடு அவனை அனுப்புகிறார்கள் வேளாளர்கள். அவள் பழிதீர்க்கிறாள். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேர் தீப்பாய்கிறார்கள். அவள் அழுகையை ‘நீலிக் கண்ணீர்’ என்று வசையாக்கிவிட்டோம். ஆனால் கொலையுண்டவளின் வழக்கைச் சபை நடுவே நிறுத்திய கதை அது. படுகளத்திலும் அப்படித்தான். அத்தனை செந்நீரும் ஒரு பெண்ணின் சபதம் நிறைவேறுவதற்காக. பெண்ணைப் பலியாக்கி பயம் காட்டுவது இத்தாலி. பெண்ணை நீதிபதியாக்கி பயம் காட்டுவது தொண்டை மண்டலம். இரண்டும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட சினிமா பிறக்கும்!

ஓரளவு பிறந்தும் இருக்கிறது. அறிவழகனின் ‘ஈரம்’ (2009) படத்தில் தண்ணீரே பேயாகிறது. நிறங்களைக் கட்டுப்படுத்தி எடுத்த படம் அது. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள குழப்பத்தையே கதையின் முடிச்சாக வைத்தது. அதில் பேய்தான் அன்பின் உருவம். கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012), அஸ்வின் சரவணனின் ‘மாயா’ (2015) இரண்டும் இருட்டை நம்பி எடுக்கப்பட்டவை.

ஆனால் ‘காஞ்சனா’ (2011), ‘அரண்மனை’ (2014) வெற்றிகளுக்குப் பிறகு தமிழில் பேய் என்றாலே காமெடி என்றாகிவிட்டது. குடும்பத்தோடு சிரித்துப் பார்ப்பதில் தவறில்லை. ‘காஞ்சனா’ ஒரு திருநங்கையின் வலியைக் கோடிக்கணக்கான மக்களிடம் கொண்டுசேர்த்தது. ஆனால் அதைப் பார்த்து வந்த பல படங்கள், பயம் ஏறத் தொடங்கியதும் ஒரு நகைச்சுவை நடிகரை ஓடவிட்டு அதை இறக்கிவிடுகின்றன. திரைக்குப் பின்னால் பாடும் இரணியனுக்காகப் பொறுமையோடு காத்திருந்த ஜனங்களுக்கு இரண்டு நிமிட மௌனத்தைத் தர நம் இயக்குநர்கள் ஏன் தயங்க வேண்டும்?

செய்ய வேண்டியது

ஃபுல்சி 1996-ல் இறக்கும்வரை பெரிய விமர்சகர்கள் பெரும்பாலும் அவரை மதித்ததில்லை. இன்று அவர் படங்களைப் பல்கலைக்கழகங்களில் பாடமாக வைக்கிறார்கள். ‘சஸ்பீரியா’வின் நாற்பதாவது ஆண்டையொட்டி அதன் மூலப் படச்சுருளைச் சீரமைத்து, ஒவ்வொரு நிறத்தையும் மீட்டுப் புதிய பிரதி போட்டார்கள். 2018-ல் லூக்கா குவாதாஞ்னினோ அதை மறுபடி எடுத்தார். மலிவுச் சரக்கு என்று ஒதுக்கப்பட்டதை ஒரு நாடு தன் கலைச் சொத்தாக ஏற்றுக்கொண்ட விதம் இது.

‘அதே கண்கள்’, ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘மூடுபனி’, ‘நூறாவது நாள்’ ஆகியவற்றை இன்று பலரும் பார்ப்பது நிறம் மங்கி, ஒலி தேய்ந்த பிரதிகளில்தான். நிறத்தையும் ஒலியையும் நம்பி எடுத்த படத்துக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. உரிமை வைத்திருப்பவர்களும் திரைப்படச் சங்கங்களும் அரசும் கைகோத்து இவற்றைச் சீரமைக்க வேண்டும். ‘நூறாவது நாள்’ புதிய பிரதியாக வரும் நாளில், அதன் முகப்பில் லூச்சியோ ஃபுல்சியின் பெயரையும் போட வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘தி சைக்கிக்’ பாருங்கள், அடுத்து ‘நூறாவது நாள்’ பாருங்கள், பிறகு ‘சஸ்பீரியா’வுக்குப் போங்கள். செல்போனில் வேண்டாம்; கிடைக்கிற பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டு, ஒலியைக் குறைக்காமல் பாருங்கள். வருகிற கோடையில் காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசிப் பக்கம் எங்கே பாரதம் வைத்தாலும் கடைசி நாள் காலையில் போய்ப் படுகளம் பாருங்கள். தமிழ்த் திகில் சினிமா எடுக்க நினைக்கும் இளைஞர்கள் அவசியம் போக வேண்டும். அவர்கள் கற்க வேண்டியதில் பாதி ரோமில் இருக்கிறது. மீதிப் பாதி இங்கேதான் இருக்கிறது.